ஸ்கான் ‘நோர்மல்’, ஆள் முந்தின ஆளில்லை: தலைக்காயத்துக்குப் பிறகு மூளையில் என்ன நடக்கிறது?

நீங்கள் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. கணவருக்கு 38 வயது, சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்ப்பவர். பத்து மாதத்துக்கு முன்னர் காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து, எட்டொன்பது நாள் ஆளை ஆள் தெரியாமல் கிடந்தார். முதல் ஸ்கானில் நெற்றிப்பக்க மூளையில் சிறிய கன்றல். இரண்டு மாதம் கழித்து எடுத்தது ‘நோர்மல்’. இப்போது கைகால் எல்லாம் சரி. ஆனால் சின்ன விஷயத்துக்கும் பாய்ந்து விழுகிறார், சொன்னதை மறக்கிறார், விடிய எழும்பிக் கதிரையில் இருந்தால் மத்தியானம் வரை அப்படியே இருக்கிறார், கறி அடிப்பிடித்தாலும் மணம் தெரிவதில்லை. நாளாந்தம் தலையிடிக்குப் பெனடோல். ஆஸ்பத்திரியில் தொடங்கிய வலிப்பு மாத்திரை லெவெட்டிரசெட்டம் இன்னமும் போகிறது. மாமியார் சோம்பல் என்கிறார், அயலில் செய்வினை என்கிறார்கள். இது விபத்தால் வந்ததா, மாறுமா, வலிப்பு வருமா, வயது போகும்போது அறளை பெயர்ந்துவிடுமா (மறதிநோய் வந்துவிடுமா) என்று கேட்டிருக்கிறீர்கள்.

விபத்தால் வந்ததுதான். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும், அந்த மணம் தெரியாத விஷயம் உட்பட, நெற்றிப்பக்க மூளை அடிபட்டவர்களிடம் சேர்ந்தே வருகிற அறிகுறிகள். இவற்றில் சில காயத்தின் நேரடி விளைவுகள். சில, தேடிப் பார்த்தால் கண்டுபிடித்து மருந்தால் திருத்தக்கூடியவை. இந்த இரண்டாவது வகையை யாரும் தேடாமல் ‘தலையிலை அடிபட்டால் இப்பிடித்தான்’ என்று விட்டுவிடுவதுதான் எங்களிடையே நடக்கிற பெரிய இழப்பு. ஆகவே அவற்றைப் பற்றிக் கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘நோர்மல்’ என்ற சொல். விபத்து நாளில் சி.ரி. ஸ்கான் எடுப்பது மண்டையோட்டைத் திறந்து அகற்றவேண்டிய இரத்தக்கட்டு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா, மூளை வீங்கி நெருக்குகிறதா என்று பார்க்கத்தான். அந்தக் கேள்விகளுக்கு அது மிக நல்ல கருவி. இரண்டு மாதத்துக்குப் பின் எடுத்ததில் இரத்தம் கரைந்து போயிருக்கும். நோர்மல் என்றால் இனிச் சத்திரசிகிச்சை தேவையில்லை என்றுதான் பொருள். மூளை முன்போல வேலை செய்கிறது என்று எந்த சி.ரி.யும் சொல்வதில்லை.

மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள மிக மென்மையான உறுப்பு. ஓடிக்கொண்டிருக்கும் தலை திடீரென நிற்கும்போது அது உள்ளே முன்னுக்கு வழுக்குகிறது. கண்குழிக்கு மேலேயும் பொட்டுக்கு உள்ளேயும் மண்டையோட்டின் தரை கரடுமுரடானது. அங்கேதான் நெற்றிப்பக்க மூளையின் அடிப்பாகமும் பொட்டுப்பக்க மூளையின் நுனியும் உரசிக் கன்றுகின்றன. அதனால்தான் எந்தப் பக்கம் விழுந்தாலும் பெரும்பாலானோருக்குக் குறைகள் ஒரே மாதிரி வருகின்றன: கோபத்தை அடக்குவது, திட்டமிடுவது, தொடங்குவது, புதியதை நினைவில் பதிப்பது.

கன்றலைவிட முக்கியமானது நரம்பிழைகளின் காயம். தலை சுழன்று நிற்கும்போது மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. பல இழைகள் அந்தக் கணத்தில் அறுவதில்லை. இழுபட்ட இடத்தில் கல்சியம் உள்ளே புகுந்து, உட்கட்டமைப்புக் குலைந்து, சில மணித்தியாலங்களிலிருந்து சில நாட்களுக்குள் வீங்கித் துண்டாகின்றன. வெளி உறை முழுசாக இருந்து உள்ளே செம்பு அறுந்த வயரைப் போல, படத்தில் மூளை வடிவாகத் தெரியும். செய்தி மட்டும் போகாது, அல்லது சுற்றி வளைத்துப் பிந்திப் போகும். உங்கள் கணவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எடுக்கும் நேரமும், நாலு பேர் ஒன்றாகக் கதைத்தால் எழும்பிப் போவதும் இந்தப் பிந்துதலால்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் வழமையான வரிசைகளில் (படமெடுக்கும் முறைகளில்) இது தப்பிவிடும். நுண்ணிய இரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வரிசையில் புள்ளிகள் தெரியலாம். ஆனால் அந்தப் படம் சிகிச்சையை மாற்றுவது அரிது. வைத்தியர் ஒரு காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள். மனத் திருப்திக்காக நகையை அடகு வைத்து எடுக்க வேண்டாம்.

காயம் எவ்வளவு கடுமையானது என்பதை ஆஸ்பத்திரியில் விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் பாருங்கள். ஜி.சி.எஸ். என்று, ஆள் எவ்வளவு விழிப்பாக இருந்தார் என்பதைக் காட்டும் ஒரு எண் இருக்கும், 3 முதல் 15 வரை. 1974இல் கிளாஸ்கோ நகரில் இரண்டு வைத்தியர்கள் உருவாக்கிய அளவு அது. 13 முதல் 15 வரை இலேசு, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8க்குக் கீழே, 8 உட்படக் கடுமை. ஆனால் வருங்காலத்தைக் கணிக்க இதைவிட உதவுவது நீங்கள் வீட்டில் இருந்தே சொல்லக்கூடிய ஒன்று: விபத்துக்குப் பிறகு எந்த நாளிலிருந்து அவருக்கு நினைவு விடாமல் தொடர்கிறது? கண் திறந்த நாளோ, உங்கள் பெயர் சொன்ன நாளோ கணக்கில்லை. நேற்று யார் வந்தார், என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொரு நாளையும் அடுத்த நாள் சொல்லத் தொடங்கிய நாள்தான் கணக்கு. இடைவெளி 24 மணித்தியாலத்துக்குள் என்றால் இலேசு, ஒரு கிழமைக்குள் நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. நீங்கள் எழுதியபடி பார்த்தால் அவருடையது கடுமையான பக்கத்தில் நிற்கிறது. பத்து மாதத்தில் நடமாடி, கதைத்து, தன் வேலையைத் தானே பார்க்கிறார் என்றால் மூளை நிறையத் தேறியிருக்கிறது.

இனி அந்தக் கதிரை. நெற்றிப்பக்க மூளையின் நடுப்பகுதியும் அதிலிருந்து ஆழத்துக்குப் போகும் இணைப்புகளும் ‘தொடங்கு’ என்ற உந்துதலைத் தருபவை. அது அடிபட்டவருக்குக் குளிக்கத் தெரியும், குளிக்க வேண்டும் என்றும் தெரியும், மறுப்பும் இல்லை. எழும்பும் அந்த முதல் அசைவு மட்டும் தானாக வராது. நீங்கள் துவாயையும் சவர்க்காரத்தையும் கையில் கொடுத்து ‘வாங்கோ’ என்று எழுப்பினால் மிச்சம் முழுவதையும் செய்வார். இதுதான் சோம்பலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். சோம்பல்காரன் தனக்குப் பிடித்ததைச் செய்ய எழும்புவான். உங்கள் கணவர் தனக்குப் பிடித்த கிரிக்கெட்டைப் போடக்கூட எழும்புவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இங்கே ‘ஏன் இருக்கிறீங்கள்?’ என்ற கேள்வி வேலை செய்யாது. அவரிடம் பதில் இல்லை, கோபம் மட்டும் வரும். ‘இப்ப என்ன செய்யப் போறீங்கள்?’ என்று விட்டாலும் தெரிவு செய்ய முடியாமல் உறைவார். நேரமும் செயலும் முன்பே முடிவான நாள் வேண்டும்: 6.30 தேநீர், 7.00 குளிப்பு, 8.00 சாப்பாடு, 9.00 கடைக்கு நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருவது. போனில் அந்தந்த நேரத்துக்கு அலாரம், அதில் செயலின் பெயர். முதல் மூன்று கிழமை பக்கத்தில் நின்று தொடக்கிவிடுங்கள், பிறகு குரல் மட்டும், பிறகு அலாரம் மட்டும். ஒழுங்கை மாற்றாதீர்கள். விருந்தாளி வந்தாலும் 9.00 என்றால் 9.00.

உந்துதல் இன்மையையும் மனச்சோர்வையும் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் மனச்சோர்வுக்கு மருந்துண்டு. தலைக்காயத்துக்காக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வருடத்துக்குள் மனச்சோர்வுக்கு ஆளானார்கள். உந்துதல் மட்டும் போனவர் கவலைப்படுவதில்லை, சும்மா இருப்பார். மனச்சோர்வு உள்ளவர் ‘என்னாலை எல்லாருக்கும் கரைச்சல்’ என்பார், விடியப்புறம் விழித்துக் கிடப்பார், அழுவார், சாப்பாடு குறையும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. இரவு என்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கோபத்துக்கு மூன்று மூலங்களைப் பாருங்கள். முதலாவது காயம்: நெற்றிப்பக்க அடிமூளை கோபத்துக்குப் பிரேக். இரண்டாவது களைப்பு. அடிபட்ட மூளை அதே வேலைக்கு அதிக சக்தி செலவழிக்கிறது. ஒரு கிழமைக்கு ஒவ்வொரு வெடிப்பின் நேரத்தையும் அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் நடந்ததையும் கொப்பியில் எழுதுங்கள். பெரும்பாலும் பின்னேரம், சத்தம், பசி, ஆட்கள் கூடிய வீடு என்று ஒரு ஒழுங்கு தெரியும். தெரிந்த பிறகு அந்த நேரத்துக்கு முன் 30 நிமிடம் இருட்டறையில் ஓய்வு கொடுப்பது பெரும்பாலும் உதவும். வெடித்த நேரத்தில் நியாயம் கதைக்காதீர்கள். அறையை விட்டு விலகுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அடிக்கிற அளவுக்குப் போனால் அதைக் காயம் என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை, அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் பாதுகாப்பு முதல்.

மூன்றாவது மூலம் அந்த மாத்திரை. லெவெட்டிரசெட்டம் நல்ல வலிப்பு மருந்து. ஆனால் எரிச்சலும் ஆத்திரமும் மனச்சோர்வும் அதன் நன்கறியப்பட்ட பக்கவிளைவுகள், தலைக்காயக்காரரிடம் இன்னும் கூடுதலாக. உங்கள் கடிதத்தில் விபத்துக்குப் பிறகு ஒரு வலிப்பும் வந்ததாக இல்லை. வலிப்பு வராதவருக்குத் தடுப்பாகக் கொடுக்கும் மருந்து முதல் ஏழு நாட்களுக்குள் வரும் வலிப்பைத்தான் குறைக்கிறது; பெனிடொயின் என்ற வலிப்பு மருந்தை வைத்துச் செய்து 1990இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாதக்கணக்கில் தொடர்ந்தாலும் பிற்கால வலிப்பைத் தடுப்பதில்லை. ஆகவே கிளினிக்கில் நேரடியாகக் கேளுங்கள்: ‘இவருக்கு வலிப்பு வந்ததேயில்லை, இந்த மருந்து இன்னும் ஏன்?’ நீங்களாக நிறுத்தவே கூடாது. சடுதியாக விட்டால் அதனாலேயே வலிப்பு வரலாம். வைத்தியர் கிழமைக்கணக்கில் குறைத்து நிறுத்துவார், அல்லது வேறொன்றுக்கு மாற்றுவார்.

நித்திரைக்கென்று டயசிபாம், சளிக்கென்று பிரிற்றன் போன்ற தூக்கம் தரும் மருந்துகளைப் பாமசியில் கேட்டு வாங்காதீர்கள். இரண்டும் நினைவை இன்னும் மழுக்கும். ட்ரமடோல் என்ற நோமாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடியது.

இனித் தேடினால் கிடைக்கும் காரணங்கள். முதலாவது, ஒருவரும் பரிசோதிக்காத ஒரு சுரப்பி. மற்றச் சுரப்பிகளை இயக்கும் கபச்சுரப்பி (பிட்யூட்டரி) மூளையின் அடியில் மெல்லிய காம்பில் தொங்குகிறது. தலை சுழலும்போது காம்பின் இரத்தக்குழாய்கள் இழுபடும். நடுத்தர, கடுமையான காயமுற்றவர்களில் கால்வாசிப் பேரளவில் ஏதாவது ஒரு ஹோர்மோன் நீண்டகாலம் குறைந்திருக்கிறது. களைப்பு, உந்துதல் இன்மை, நித்திரை, மறதி, ஆண்களில் பாலியல் நாட்டம் போவது, தசை உருகி வயிற்றில் கொழுப்பு வைப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். மூளைக்காயத்தின் அறிகுறிகளோடு அப்படியே பொருந்துவதால் ஒளிந்துவிடும். காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் எடுத்த இரத்தத்தில் கோர்ட்டிசோல், ரெஸ்டோஸ்டெரோன், சுயாதீன ரி4 (தைரொயிட் ஹோர்மோன்), ரி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டக் கபச்சுரப்பி விடும் ஹோர்மோன்), புரோலக்ரின், சோடியம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். இரண்டு இடத்தில் பிழை நடக்கும். ரி.எஸ்.எச். மட்டும் பார்த்துத் தைரொயிட் சரி என்பது ஒன்று: கபச்சுரப்பியே கெட்டிருந்தால் ரி.எஸ்.எச். உயராது, நோர்மலாகவே காட்டும், ரி4தான் குறைந்திருக்கும். மற்றது, கோர்ட்டிசோல் குறைவைத் திருத்தாமல் தைரொயிட் மாத்திரையான தைரொக்சினைத் தொடங்குவது: உடலில் இருக்கிற கொஞ்சக் கோர்ட்டிசோலும் வேகமாகச் செலவாகி இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்தாகலாம். இதற்கு அகஞ்சுரக்கும் சுரப்பிகளுக்கான வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள்.

தலையிடி அடுத்தது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பெனடோல் போட்டால், மூன்று மாதம் கடந்ததும் மாத்திரையே தலையிடியைத் தரத் தொடங்கலாம். கொடெயின் கலந்தது என்றால் 10 நாளே போதும். நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு கிழமை வலி கூடும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பப் போடுவதுதான் இந்தச் சுழலை நீட்டுகிறது. நிறுத்துகிற அதே நேரத்தில் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்தை வைத்தியர் தொடங்கினால் கடக்கலாம். எந்த நாளிலும் 500 மில்லிகிராம் பெனடோல் எட்டுக்கு மேல் போகக்கூடாது.

இரவில் பெரிய குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருக்கிறதா என்று ஒரு இரவு போனில் பதிவு செய்யுங்கள். தூக்கத்தில் மூச்சுத்தடை தலைக்காயக்காரரில் மிகுதி. பகல் நித்திரைக்கும் மறதிக்கும் அது தனியே காரணமாகும். படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் தலைச்சுற்று வந்தால் உட்காதில் சுண்ணத் துகள் இடம்பெயர்ந்திருக்கும். காது மூக்கு தொண்டை கிளினிக்கில் தலையைச் சில நிலைகளில் திருப்பிச் சரிசெய்வார்கள். மாத்திரையால் துகள் நகராது.

தேறிக்கொண்டு வந்தவர் திரும்பக் கீழே போவது எப்போதும் எச்சரிக்கை. நடை அகன்று கால் தரையில் ஒட்டியது போலாவது, சலம் அடக்க முடியாமல் போவது, புத்தி மந்தமாவது மூன்றும் சேர்ந்தால் மூளைநீர் தேங்கியிருக்கலாம். அதற்குக் குழாய் வைத்து வடிக்கிற சத்திரசிகிச்சை உண்டு. வயதானவர்களில், அதுவும் அஸ்பிரின், வோபரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் பாவிப்பவர்களில், கிணற்றடியில் வழுக்கியது போன்ற சின்ன அடிக்குப் பிறகு சில கிழமைகள் கழித்து மூளைக்கு வெளியே பழைய இரத்தம் சேர்ந்து குழப்பமும் ஒருபக்கச் சோர்வும் வரும். அப்பு திடீரென்று அறளை பெயர்ந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருப்பார்கள். அது அறளை என்றால் கிழமைக்கணக்கில் வராது. மண்டையோட்டில் ஒரு துளையிட்டு வடித்தால் பெரும்பாலானோர் பழையபடி கதைப்பார்கள்.

வலிப்புப் பற்றிக் கேட்டீர்கள். 1998இல் வெளியான அமெரிக்க மினசோட்டா ஆய்வு நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்தது. முதல் ஐந்து வருடத்தில் வலிப்பு வந்தது இலேசான காயத்தில் 0.7 வீதம், நடுத்தரத்தில் 1.2 வீதம், கடுமையானதில் 10 வீதம். 30 வருடக் கணக்கில் இவை 2.1, 4.2, 16.7. அந்த ஆய்வு மூளைக் கன்றல் இருந்தாலே கடுமை என்று எடுத்தது. ஆகவே உங்கள் கணவருக்கு முதல் ஐந்து வருடத்தில் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்தில் ஒன்பது வராது என்றும். வலிப்பு என்றால் விழுந்து உதறுவது மட்டுமில்லை. ஒரு நிமிடம் வெறித்துப் பார்ப்பது, வாய் சப்புவது, இல்லாத நாற்றம் வருவதாகச் சொல்வது, பிறகு நடந்தது தெரியாமல் இருப்பது எல்லாம் பொட்டுப்பக்க மூளையிலிருந்து வரும் வலிப்புகள். கோபம், மறதி என்று இவை தப்பிப் போகின்றன. கண்டால் போனில் வீடியோ எடுங்கள், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யைவிட அந்த வீடியோ வைத்தியருக்கு உதவும் நாட்கள் உண்டு.

உதறல் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் மெதுவானது ஏதாவது, கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். கையில் இரும்புத் திறப்பு வேண்டாம், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டவே வேண்டாம். பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது விழிக்காமலே அடுத்தது வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வலிப்பு வந்தவர் வீட்டில் எங்கள் ஊருக்கே உரிய ஆபத்து கிணறு. கட்டு முழங்காலளவுதான் என்றால் இடுப்புக்கு மேல் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் கம்பிவலை மூடி போடுங்கள். வாளியால் அள்ளிக் குளிப்பதைக் கிணற்றடியிலிருந்து தள்ளி, தொட்டியிலோ குழாயிலோ வைத்துக்கொள்ளுங்கள், கதவு பூட்டாமல். கீரிமலைக் கேணி, தென்னை, பனை, ஏணி, தனியே விறகடுப்பு எல்லாம் நிற்கட்டும். மோட்டார் சைக்கிள் வைத்தியர் எழுத்தில் சொல்லும் வரை இல்லை. வலிப்பு வராவிட்டாலும்கூட, அவருடைய பதில் சொல்லும் வேகம் திரும்பும் வரை இல்லை. கள்ளும் சாராயமும் முன்பு தாங்கிய அளவு இப்போது தாங்காது. குடித்த இரவிலும் அதைவிட விட்ட அடுத்த நாளிலும் வலிப்பு வரும்.

இதே இடத்தில் இன்னொரு கூட்டத்துக்கும் சொல்லவேண்டும், யாழ்ப்பாணத்தில் அவர்கள் இல்லாத ஒழுங்கை இல்லை. யுத்த காலத்தில் தலைக்குள் செல்துண்டோ சன்னமோ போனவர்கள். மண்டையோட்டைத் துளைத்த காயத்தில் வலிப்பு மிக அதிகம்: வியட்நாம் போரில் அப்படிக் காயப்பட்ட அமெரிக்கப் படையினரைத் தொடர்ந்தபோது பாதிப்பேரளவில் வலிப்பு வந்தது, சிலருக்குப் பத்து வருடங்களும் கடந்து. 2009க்குப் பின் இவ்வளவு காலமாக ஒன்றும் இல்லை என்பது உத்தரவாதமாகாது. அதோடு, இரும்புத் துண்டு உள்ளே இருப்பவர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனால் காந்தம் அதை நகர்த்தலாம், சூடாக்கலாம். எந்த நோய்க்கு எம்.ஆர்.ஐ. எழுதினாலும், உடலில் எங்கே துண்டு இருந்தாலும், முதலில் சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் செய்யுங்கள். கண்ணுக்குள் சிறு துகள் இருந்தாலும் சொல்லுங்கள்.

மணம்: மூக்கின் கூரையில் சல்லடை போன்ற எலும்பினூடாக வரும் மெல்லிய நரம்பிழைகள் மூளை வழுக்கும்போது அறுகின்றன. திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பயிற்சியை இன்றே தொடங்குங்கள். கராம்பு, தேசிக்காய்த் தோல், யூக்கலிப்டஸ் தைலம், ரோசாப்பூ அல்லது பன்னீர்; ஒவ்வொன்றும் தனித்தனிப் போத்தலில். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 20 விநாடி மெதுவாக முகர்ந்து, அதன் பழைய மணத்தை மனதில் நினைக்க வேண்டும். குறைந்தது 12 கிழமை. அதுவரை காஸ் அடுப்பை அவர் தனியே பாவிக்க வேண்டாம். பழைய மீன் கறியை அவர் முகர்ந்து முடிவுசெய்யவும் விடாதீர்கள்.

மறதிக்கு நினைவுப் பயிற்சி விளையாட்டுகள் அந்த விளையாட்டில் மட்டும் கெட்டிக்காரர் ஆக்கும். பலன் தருவது வெளியே வைக்கும் நினைவு: சட்டைப் பையில் ஒரே ஒரு கொப்பி (இரண்டு இருந்தால் ஒன்றும் இல்லாததற்குச் சமம்), திறப்புக்கும் பேர்சுக்கும் கதவடியில் ஒரே கொளுவி, மருந்துக்கு நாள் பிரித்த பெட்டி. புதிதாக ஒன்றைப் பழக்கும்போது ‘யோசிச்சுப் பாருங்கோ’ என்று ஊகிக்க விடாதீர்கள். பிழையாகச் சொன்ன பதில்தான் அவருக்குப் பதிந்துவிடும். சரியானதை நீங்களே சொல்லி, உடனே திரும்பச் சொல்ல வையுங்கள். பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணித்தியாலம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலைக்கு அனுப்புவதில் அவசரம் ஆபத்து. முழுநாள் அனுப்பி மூன்றாம் நாள் முதலாளியோடு சண்டை பிடித்து வெளியேறினால் அந்தக் கதவு மூடிவிடும். முதலாளியிடம் முன்பே பேசி, காலை இரண்டு மணித்தியாலம், ஆட்கள் வராத பின்னறை, ஒரே வகை வேலை, உதாரணமாகச் சரக்கு எண்ணி எழுதுவது என்று தொடங்குங்கள். கணக்குப் புத்தகத்தை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாட்டோடு பிறகு கொடுக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுக்கிறார் என்றால் நேரம் கூடிவிட்டது. தேறுதல் முதல் ஆறு மாதத்தில் வேகம், இரண்டு வருடம் வரை கண்கூடு, அதன் பிறகும் பழக்கத்தால் மெல்ல நடக்கும். பத்தாம் மாதத்தில் நின்று ‘இனி இவ்வளவுதான்’ என்று தீர்ப்பெழுத முடியாது. பழைய ஆள் அப்படியே திரும்புவார் என்றும் நான் எழுதமாட்டேன். கடுமையான காயத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று மிஞ்சும், பெரும்பாலும் களைப்பும் பொறுமைக் குறைவும்.

அறளை: ஏறக்குறைய 28 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து டென்மார்க்கில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், தலைக்காயம் பட்டவர்களுக்கு மறதிநோய் வரும் அபாயம் 24 வீதம் கூட. பயமாகக் கேட்கும். நூறு பேரில் பத்துப் பேருக்கு வரக்கூடிய வயதில் பன்னிரண்டு பேருக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி ஹரிசன் மார்ட்லன்ட் 1928இல் எழுதிய அந்தப் படிப்படியான சீரழிவு, திரும்பத் திரும்ப அடிபடுபவர்களுக்கு உரியது; ஒரு விபத்துக்கு அதை ஒப்பிட வேண்டாம். உங்கள் கையில் இருப்பவை பிரஷர், சீனி, புகை, குடி, கேட்கும் திறன், இன்னொரு அடி. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை எறியுங்கள், உள்ளே நுரை ஒருமுறைதான் நசுங்கும். புதியதில் நாடிப்பட்டியை மாட்டாவிட்டால் தலை நிலத்தில் படுமுன்னர் அது கழன்று போயிருக்கும்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். மைதானத்தில் கடினப்பந்து தலையில் பட்டு ஒரு நிமிடம் குழம்பினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, பெரிய மட்ச் என்றாலும்தான். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, ஓட்டம், தனிப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பாடசாலைக்கும் ரியூசனுக்கும் திரும்பியது சரியானபின்தான் ஆட்டம். சின்ன வயதில் பட்ட கடுமையான காயம் தரம் 3இல் தெரியாமல் போகலாம். பாடம் கடினமாகும் 9ஆம், 10ஆம் தரத்தில்தான் வெளிப்படலாம். அப்போது யாரும் பழைய விபத்தை நினைப்பதில்லை. டயக்னோசிஸ் கார்ட்டை அதுவரை பத்திரமாக வையுங்கள், பரீட்சைக்கு மேலதிக நேரம் கேட்பதற்கும் அதுதான் ஆதாரம்.

செய்வினை என்று சொல்பவர்களோடு சண்டை வேண்டாம். நல்லூருக்கோ மாவிட்டபுரத்துக்கோ போய் நேர்த்தி வைப்பதில் ஒரு குறையுமில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், தலையில் புகை போடுபவர், அடிப்பவர் வீட்டுப் படி ஏறக்கூடாது.

அடுத்த கிளினிக்குக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: விபத்துத் திகதி, ஜி.சி.எஸ்., நினைவு தொடர்ந்த நாள், இப்போதைய மருந்துகளும் அளவுகளும், மாதத்தில் எத்தனை நாள் பெனடோல், கோபக் கொப்பியின் ஒரு கிழமை. கீழே நாலு கேள்வி: லெவெட்டிரசெட்டம் தேவையா, கபச்சுரப்பி ஹோர்மோன்கள் பார்க்கலாமா, மனநலப் பிரிவுக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சை) கடிதம் தருவீர்களா, தலையிடிக்குத் தடுப்பு மருந்து எது. முடிந்தால் வைத்தியரை இரண்டு நிமிடம் தனியே சந்தியுங்கள், அல்லது தாளைத் தாதியிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். நெற்றிப்பக்கம் அடிபட்டவருக்குத் தன்னில் மாற்றம் நடந்ததே தெரிவதில்லை. வைத்தியர் கேட்டால் சிரித்துக்கொண்டு ‘எனக்கு ஒண்டுமில்லை, டொக்டர்’ என்பார். அது பொய்யில்லை, அதுவும் காயத்தின் ஒரு பகுதிதான். ஆகவே நீங்கள் சொல்லாவிட்டால் அந்த அறையில் சொல்ல வேறு ஆள் இல்லை.